துக்கம் ஆறுவது யார் கையில்?

பொங்கோல் முனையில் மாலை வேளைகளில் தூண்டில் போடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும்தான் கண்ணில் படுவார்கள். எதிரே நீர்ப்பரப்பைத் தாண்டினால் ஜொகூர். இந்தக் கரையோரம் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் சரணடைந்த பதின்மூன்றாம் நாள், 1942 பிப்ரவரி 28 அன்று, 300 முதல் 400 வரையிலான சீன ஆடவர்கள் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்பர் சிராங்கூன் சாலைப் பகுதியில் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில் அவர்களும் அடக்கம். சூக் சிங் படுகொலை என்று வரலாறு குறிக்கும் அந்தச் சில வாரங்களில் தீவு முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. ஜப்பானியத் தரப்பு ஐயாயிரம் என்றது. சீனச் சமூகம் அதைப் போலப் பல மடங்கு என்றது. பல குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை. எந்த நாளில், எந்தக் கரையில் என்ற விவரமும் கிடைக்கவில்லை.

இப்படி ஓர் இழப்புக்குப் பிறகு மனம் எப்போது ஆறும்? ஆறத்தான் வேண்டுமா? நடந்ததற்கு ஏதேனும் பொருள் உண்டா, இல்லை உயிரோடு இருப்பவர்கள் பிற்பாடு அதற்கு ஒரு பொருளைத் தேடிக் கொடுக்கிறார்களா? சங்கப் புலவர்கள் முதல் இன்றைய மனநல மருத்துவர்கள் வரை இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக் குறை தெரிகிறது. பெரும்பாலானவை துக்கத்தை அதைச் சுமப்பவருடைய சொந்த வேலையாகவே பார்க்கின்றன. இந்த வட்டாரத்தின் வரலாறோ, ஆறுதலின் கணிசமான பகுதி அடுத்தவர் கையில் இருக்கிறது என்று காட்டுகிறது. அந்த அடுத்தவர் அரசாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், துக்கம் விசாரிக்க வரும் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

விட்டுவிடச் சொல்லும் கட்சி

"போனவர் போயாச்சு, இருக்கிற பிள்ளைகளைப் பார்" என்பது தமிழ் வீடுகளில் துக்கம் கேட்க வருகிறவர்கள் சொல்லிப் பழகிய வாக்கியம். அதன் வேர் ஆழமானது. திருக்குறள் நிலையாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. நாலடியாரும் பட்டினத்தார் பாடல்களும் அதே வழியில் போயின. நிலையில்லாததன்மேல் வைத்த பற்றே துன்பத்தின் ஊற்று, பற்றைத் தளர்த்தினால் துன்பம் தளரும் என்பது இவற்றின் சாரம்.

மேற்குலகில் இதற்கு இணையான கருத்தை வேறொரு மொழியில் சொன்னவர் சிக்மண்ட் ஃபிராய்ட். துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு 1917இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இறந்தவர்மேல் வைத்த பற்றை மனம் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் பணி என்றது. அந்தப் பணி முடிந்ததும் மனம் மீண்டும் விடுதலை பெறும் என்று அவர் கருதினார். மூன்றே ஆண்டுகளில் அவருடைய மகள் சோஃபி இன்ஃபுளுவென்சாவில் இறந்தார். 1929இல், மகளின் பிறந்தநாளன்று, மகனை இழந்த தம் நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட இழப்புக்கு ஈடு ஒருபோதும் கிடைக்காது, அப்படிக் கிடைக்காதிருப்பதே சரி என்ற பொருளில் ஃபிராய்ட் எழுதினார். கட்டுரை பாடப்புத்தகங்களில் ஏறியது. கடிதம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969இல் முன்வைத்த ஐந்து நிலைகள் இன்னும் பரவலாகப் போய்ச் சேர்ந்தன. மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு. சிகாகோவில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்ட வரிசை இது. உற்றாரை இழந்தவர்கள் கடக்கவேண்டிய படிக்கட்டாக அது பிற்பாடுதான் மாறியது. 2007இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு இந்தப் படிக்கட்டைச் சோதித்துப் பார்த்தது. நோயால் உற்றாரை இழந்தவர்களிடம் தொடக்கத்திலிருந்தே மேலோங்கியிருந்தது ஏற்பு. வலி தரும் உணர்வுகளில் முதலிடம் சினத்துக்கோ சோர்வுக்கோ போகவில்லை, ஏக்கத்துக்குப் போனது. ஐந்து நிலைகளில் ஏக்கத்துக்கு இடமே கிடையாது.

விட்டுவிடச் சொல்லும் கட்சியை முழுதும் தள்ளிவிடவும் முடியாது. முதிய தம்பதியரைத் துணை இறப்பதற்கு முன்பே சந்தித்து, இறந்த பின்பும் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வை ஜார்ஜ் பொனானோவும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பெரிய குலைவின்றி வாழ்க்கையைத் தொடர்ந்திருந்தார்கள். அழாதவரை அழவைக்கவேண்டும், இல்லாவிட்டால் துக்கம் உள்ளே புழுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அது முதுமையில், பெரும்பாலும் எதிர்பார்த்து வந்த மரணங்களைப் பற்றியது. பொங்கோல் கரைக்கு அதை அப்படியே கொண்டுவருவது நியாயமாகாது.

கல் நட்டவர்கள், திதி கொடுப்பவர்கள்

தமிழ் மரபு நிலையாமையோடு நின்றுவிடவில்லை. போரில் இறந்தவனுக்கு நடுகல் எடுப்பதைக் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை முறையாக வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். இறந்தவனை எண்ணிச் செயலற்று நிற்பதைக் கையறுநிலை என்று தனித் துறையாகவே ஆக்கியது புறத்திணை. வள்ளல் பாரி மாண்டபின் கபிலர் அந்தத் துக்கத்தை மறக்க முயலவில்லை; பாரியின் மகளிருக்கு ஒரு வாழ்க்கை அமைத்துத் தரும் பொறுப்பை ஏற்று அலைந்தார், பிறகு தம் உயிரையும் விட்டார் என்கிறது மரபு. விட்டுவிடு என்ற அறிவுரையும் விடமாட்டேன் என்ற பாட்டும் ஒரே இலக்கியத்தில் அருகருகே இருந்திருக்கின்றன.

இறந்தவரோடு உறவு தொடர்வது நோயின் அடையாளம் ஆகாது என்று மேற்கின் ஆய்வுலகம் உரக்கச் சொன்னது 1996இல்தான். டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவர் தொகுத்த நூல், தொடரும் பிணைப்பு என்ற கருத்தை முன்வைத்தது. ஆண்டுதோறும் திதி கொடுத்து, ஆடி அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கும் குடும்பங்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் இரண்டு கட்சிகளையும் இணைத்தார்கள். துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போக்குவரத்தே நலம் என்பது அவர்களுடைய வாதம்.

தமிழ்ச் சடங்குகளின் கால அளவை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். முதல் நாட்களில் ஒப்பாரி, வீடு நிறையச் சனம், அடுப்பெரியாத வீட்டுக்கு அக்கம்பக்கத்துச் சோறு. பதினாறாம் நாள் கருமாதியோடு வீடு மறுபடி உலகத்துக்குத் திறக்கிறது. யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவு, பிறகு முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி. துக்கத்துக்கு அனுமதியும் எல்லையும் ஒரே சடங்கில் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டு இறந்தவரைக் கிடத்தும்போது, அந்த வீட்டாரை அதுவரை அறியாத அண்டை வீட்டாரும் அந்தச் சாவைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போகவேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கியபோது இறுதிச்சடங்கில் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்றானது. எல்லைகள் மூடிக்கிடக்க, ஊரில் இறந்த தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்க்கும் நிலைக்கு வெளிநாட்டு ஊழியர்கள் தள்ளப்பட்டார்கள். சடங்கு எதைத் தந்துகொண்டிருந்தது என்பது அது இல்லாமல் போன நாட்களில்தான் பலருக்கும் உறைத்தது.

ஆனாலும் சடங்கைப் பொதுவான மருந்தாக்கிவிடக்கூடாது. கணவனை இழந்தவளின் பூவையும் பொட்டையும் தாலியையும் ஊர் பார்க்க அகற்றிய சடங்கு, ஊருக்கு ஒரு முடிவைத் தந்தது. அவளுக்கு இன்னொரு காயத்தைத் தந்தது. சுயமரியாதை இயக்கம் இதை எதிர்த்தபோது கேட்டதும் அடிப்படையில் இந்தக் கேள்விதான்: யாருடைய ஆறுதலுக்காக இந்தச் சடங்கு? தொடரும் பிணைப்பைப் பேசும் ஆய்வாளர்கள் இதை இன்னும் போதுமான அளவு எதிர்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

பொருள் தேடுவோர்

மூன்றாவது கட்சி, வலியைக் குறைப்பதைவிட அதற்குப் பொருள் காண்பதை முக்கியமாகக் கருதுகிறது. ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் 1946இல் வெளியிட்ட நூல் இதன் ஊற்றுக்கண். எதற்காக வாழவேண்டும் என்பது தெளிந்தவர் பெருந்துன்பத்தையும் தாங்குவார் என்றார் அவர். 1990களில் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் பேரிடருக்குப் பின் மனிதர் முன்னிலும் வளரக்கூடும் என்று சொல்லி, அந்த வளர்ச்சியை அளக்க ஒரு வினாப்பட்டியலையும் தயாரித்தார்கள்.

நம்பிக்கை தரும் இந்தக் கருத்துக்கு எதிரான சான்றுகளும் கனமானவை. முகாமிலிருந்து மீண்ட இன்னொருவரான பிரிமோ லெவி, பிழைத்தவர்களின் சாட்சியத்தை வைத்து முழுக் கதையையும் முடிவுசெய்யக்கூடாது என்று எச்சரித்தார். அடிவரை கண்டவர்கள் திரும்பி வரவில்லை. 2009இல் பாட்ரீஷியா ஃபிரேசியரின் குழு, ஒரே ஆட்களைத் துயரத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தது. தாம் வளர்ந்துவிட்டதாகச் சொன்னவர்களின் கூற்றுக்கும் அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை. கிறிஸ்டோபர் டேவிஸும் உடன் ஆய்ந்தோரும் 2000இல் எழுதிய கட்டுரை இன்னும் நேரடியானது. விபத்தில் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களிலும், திடீரென்று கைக்குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிலும், பொருள் கண்டவர்கள் பாதிக்கும் குறைவு. பொருளைத் தேடவே தேடாதவர்கள் ஒப்பீட்டளவில் நன்றாகவே இருந்தார்கள். தேடியும் கிடைக்காதவர்களே மிகவும் தவித்தார்கள். அப்படியானால் துக்கத்தில் இருப்பவரிடம் "எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கும்" என்று சொல்வது, அவர் எழுப்பாத கேள்வியை அவர் தலையில் ஏற்றுவதாகவும் முடியலாம்.

சாவுக்குப் பொருளை மனத்துக்குள் தேடாமல் வெளியே உண்டாக்குவது வேறு வழி. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சேரும் இடத்தில் நியூ வேர்ல்ட் ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். தூண்களின் தாங்குதிறனைக் கணக்கிட்டபோது கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, கட்டமைப்பு வரைபடங்களைச் சுதந்திரமான பொறியாளர் ஒருவரும் சரிபார்க்கவேண்டும் என்றானது. லிட்டில் இந்தியாவின் விளிம்பில் போன அந்த உயிர்கள், அதற்குப்பின் எழுந்த கட்டடங்களில் குடியிருப்போரைக் காத்துவருகின்றன என்று சொல்வது மிகையாகாது.

கும்பகோணத்தில் இதே வழி பாதியில் முறிந்தது. 2004 ஜூலை 16 அன்று ஸ்ரீகிருஷ்ணா பள்ளியின் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தமிழகப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை 2017இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. சீர்திருத்தம் நடந்தும் பெற்றோரின் மனம் ஆறவில்லை. பொருள் கிடைப்பதும் நீதி கிடைப்பதும் தனித்தனிக் கணக்குகள் போலும்.

உடல் இல்லாத சாவு

மேலே கண்ட மூன்று கட்சிகளுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு. இறந்தவர் இறந்துவிட்டார் என்பது உறுதி. அந்த உறுதியே இல்லாதவர்களைப் பற்றி யோசித்தவர் அமெரிக்காவின் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் தொடங்கிய பணியை 1999இல் நூலாக்கினார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது, குறை அந்தக் குடும்பத்திடம் இல்லை, சூழலிடம் இருக்கிறது என்பது அவருடைய கூற்று. 2021இல் அவர் எழுதிய நூல், துயருக்கு முற்றுப்புள்ளி வைக்கமுடியும் என்பதே கட்டுக்கதை என்ற நிலைக்குப் போனது.

இதை இலங்கையின் வடக்கு கிழக்கைவிடத் துலக்கமாக வேறெங்கும் காண்பது கடினம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பிப்ரவரி 20 அன்று, உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவும் முல்லைத்தீவும் தொடர்ந்தன. பந்தலுக்குள் வரிசையாகப் படங்கள். படத்தின் கீழ்ப் பெயர், காணாமல்போன நாள், இடம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமல் போனோர் அலுவலகத்தை அந்தத் தாய்மாரில் பலர் நம்பவில்லை. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்ற பொருளில் ஐநா அதிகாரியிடம் சொன்னபோது, அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று குரல் எழுந்தது. இராணுவத்திடம் தன் கையால் ஒப்படைத்த பிள்ளையை இறந்தவன் என்று எழுதி வாங்கிக்கொள்ள ஒரு தாய் மறுப்பதை, இழப்பை ஏற்க முடியாத மனநிலை என்று மருத்துவச் சொல்லால் மூடிவிடுவது பெரும் பிழை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லாதவரை ஏற்பதற்கு எதுவுமே அவளிடம் தரப்படவில்லை.

யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் இந்த இடத்தில் முக்கியமானவை. கணவன் திரும்பி வருவான் என்று பொட்டும் தாலியுமாக இருக்கும் பெண் அந்தியேட்டி செய்யவும் முடியாது, சுமங்கலியாக விசேடங்களில் முன்னிற்கவும் முடியாது. தனிமனித சிகிச்சை மட்டும் இதற்குப் போதாது, உடைந்தது சமூகத்தின் நம்பிக்கையும் உறவும் என்பதால் கூட்டாகத்தான் சீராக்கவேண்டும் என்று அவர் தொடர்ந்து வாதாடியிருக்கிறார்.

இதற்கு முந்திய தலைமுறையிலும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942இன் நடுவிலிருந்து 1943 அக்டோபர்வரை அதைப் போட மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் புல்தரை செதுக்கிய, பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஒரே மயானத்தில் ஏறத்தாழ 7,000. காலராவிலும் பட்டினியிலும் அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளருக்குப் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. தோட்டத்து லயங்களில் காத்திருந்தவர்களுக்குச் செய்தி போகவும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1993இல் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார், பின்னர் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். கல் நடப்படாத இடத்தில் புனைகதை கல்லாக நின்றது. அண்மையில் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று எழுந்திருக்கிறது. காத்திருந்தவர்களில் அதைக் காண உயிரோடு இருந்தவர்கள் வெகு சிலரே.

தண்டனையும் இழப்பீடும்

குற்றவாளி தண்டிக்கப்பட்டால் மனம் ஆறும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. சிங்கப்பூர் அதை 1947இலேயே சோதித்துவிட்டது. சூக் சிங் வழக்கில் விக்டோரியா நினைவு மண்டபத்தில் ஏழு ஜப்பானிய அதிகாரிகள் விசாரிக்கப்பட்டு, இருவர் தூக்கிலிடப்பட்டார்கள், ஐவர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். திட்டத்தின் மூளையாகக் கருதப்பட்ட மசனோபு சுஜி தப்பிவிட்டார். தண்டனை போதாது என்ற குறை அன்றே எழுந்தது. 1962இல் சிக்லாப்பில் புதைகுழிகள் வெளிப்பட்டபோது அந்தக் குறை கோபமாக வெடித்தது. 1963 ஆகஸ்ட் 25 அன்று நகர மண்டபத் திடலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டு 'இரத்தக் கடனை' அடைக்கக் கோரினார்கள். 1966இல் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளிக்கு ஒப்புக்கொண்டது, அதில் பாதி மானியம், பாதி கடன். 1967 பிப்ரவரி 15 அன்று பீச் ரோட்டில் நான்கு தூண்களோடு போர்க்கால மக்கள் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் என்று நால்வரையும் குறிக்கும் அந்தத் தூண்களின் அடியில் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் அடையாளம் தெரியாத எலும்புகள் உள்ளன.

ஒரு சமூகத்தின் துக்கத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கிய இந்த ஏற்பாட்டைச் சிலர் அரசியல் சமரசம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று பூ வைக்க ஓரிடமாவது கிடைத்தது. சற்றுத் தள்ளி எஸ்பிளனேட் பூங்காவில் இதற்கு நேர்மாறான கதை. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, திரும்பிவந்த பிரிட்டிஷார் அந்த செப்டம்பரிலேயே தகர்த்தார்கள். தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்து மடிந்த தமிழர்களின் வீட்டாருக்கு, அங்கே ஒரு குறிப்புப் பலகை நிற்க 1995வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் நான்சி பர்ன்ஸ் 2011இல் எழுதிய நூல் இன்னொரு கோணத்தைத் திறக்கிறது. மனத்துக்கு முடிவு கிடைக்கும் என்ற வாக்குறுதி மரண தண்டனைக்கு ஆதரவு திரட்டவும், இறுதிச்சடங்குச் சேவைகளை விற்கவும் பயன்பட்டுவருகிறது என்று அவர் காட்டுகிறார். துக்கம் முடியவேண்டும் என்ற அவசரம் பலசமயம் துக்கப்படுபவரிடமிருந்து வருவதில்லை.

இன்னும் தீராதவை

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு நீடித்த துக்கத்தைத் தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் அன்றாட வாழ்வை முடக்கினால், பண்பாட்டு வழக்கத்தையும் மீறியிருந்தால், சிகிச்சைக்கு உரியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2022 முதல் பெரியவர்களுக்கு அந்த அளவு ஓராண்டு. இதனால் உதவி பெறக்கூடியவர்கள் உண்மையில் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது கொடுமை. ஆனால் பண்பாட்டு வழக்கம் என்ற அளவுகோலை யார் பிடிப்பது? ஆண்டுத் திதிவரை வீட்டில் நல்ல காரியம் எதையும் தொடங்காத குடும்பத்துக்கும், பதினாறாம் நாளோடு வேலைக்குத் திரும்பும் குடும்பத்துக்கும் ஒரே நாட்காட்டி பொருந்துமா? தமிழ்ச் சமூகங்களில் இதை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் மிகக் குறைவு.

உண்மை தெரிந்தால் மனம் ஆறுமா என்பதும் முடிவாகவில்லை. அர்ஜென்டினாவில் காணாமற்போன பிள்ளைகளுக்காகப் போராடிய மே சதுக்க அன்னையர் 1986இல் இரண்டாகப் பிரிந்தார்கள். புதைகுழிகளைத் தோண்டி எலும்பை அடையாளம் காண்பதை ஒரு சாரார் ஏற்றார்கள். எலும்பை வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும், கொன்றவர்கள் தப்பிவிடுவார்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தருகே தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறு குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. கூடவே கிடைத்த நீலநிறப் பள்ளிப் பை, பொம்மை, வளையல் முதலியவற்றை அடையாளம் காட்ட மக்களை அழைத்தார்கள்.

வந்தவர்களில் தன் பிள்ளையின் பொருளைக் கண்டுகொள்ள விரும்பியவர் யார், கண்டுவிடக்கூடாது என்று வேண்டியபடி வந்தவர் யார் என்பதை எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. ஆனால் மரபணுச் சோதனையை முடிப்பதும், பெயரை உறுதிசெய்வதும், பொறுப்பானவரை நீதிமன்றத்தில் நிறுத்துவதும் அந்தக் குடும்பங்கள் தாமாகச் செய்துகொள்ளக்கூடியவை அல்ல. அவை நடந்த இடங்களையும் நடக்காத இடங்களையும் ஒப்பிட்டு, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் ஆய்வு வரும்வரை, ஆறுதலில் மனத்தின் பங்கு எவ்வளவு, நீதியின் பங்கு எவ்வளவு என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும்.